மஸ்டாங்கின் வலது கால்

"யம்மா, பிளேன் மேல போனதும் காலை எங்க வச்சுக்கும்?"

ஷர்மிளா இதைக் கேட்டபோது பால்வாடிப் பிள்ளை. திலக் நகர் ஸ்டேஷனில் தாயும் மகளும் லோக்கல் ரயிலுக்காக நின்றிருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரங்களைத் தொங்கவிட்டபடி இறங்கிப் போனது. அம்மா மாரிசெல்வி ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்தவள். செம்பூரில் ஒரு கம்பெனியில் இயந்திரப் பாகங்களுக்குப் படம் வரைகிறாள். ஆனாலும் பதில் தெரியவில்லை.

"பாத்துச் சொல்லுதேன்" என்றாள்.

பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைச் சாமிக்கு நேர்ந்ததைப் போல நினைக்கிறவள் அவள். தேடப் போனவளுக்கு விமானப் பைத்தியமே பிடித்துவிட்டது. மகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. இப்போது ஷர்மிளா விமானப் பராமரிப்புப் படிக்க வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகிறாள். திங்கட்கிழமை காலையில் ரயில். அதற்குள் வெறும் வாயால் சொல்லாமல், காலை மடக்கியே காட்டிவிட வேண்டும் என்பது மாரிசெல்வியின் ஆசை.

இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்டாங் விமானத்தின் இடது காலை எடுத்துக்கொண்டாள். ஆறில் ஒரு பங்கு அளவு, முழுக்கப் பித்தளை. கடையில் விற்கும் பாகம் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. விமானத்தைக் கட்டியவர்கள் அன்று வரைந்த அசல் படங்கள்தான் ஆதாரம். பழைய படங்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு அமெரிக்கச் சங்கத்திடமிருந்து அவற்றின் பிரதிகள் கிடைத்தன. ஆனால் எண்கள் மழையில் நனைந்த கோலம்போலக் கரைந்திருந்தன.

அவற்றைத் தெளிவாக்கித் தந்தவள் கோவண்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜுவைரியா. மூன்றா எட்டா என்று புரியாத இடங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகத் துடைத்தெடுத்தாள். காசை நீட்டினால், "கண்ணு வலிச்சதுக்கெல்லாம் பில் போடத் தெரியாதுக்கா" என்று சிரிப்பாள். அவளுடைய ஸ்கேனர் மூடியின் கீல் எப்போதோ உடைந்துவிட்டது. ஒவ்வொரு தாளுக்கும் மூடியைத் தனியே தூக்கி வைத்துக் கையால் அமுக்கிப் பிடிப்பாள்.

சனிக்கிழமை மாலை, இறக்கைக்குள் சக்கரம் ஒடுங்கும் குழியில் காலைப் பொருத்தினாள் மாரிசெல்வி. விமானத்தின் உடம்பைப் பார்த்து உள்ளே மடங்க வேண்டிய கால், இறக்கை நுனியைப் பார்த்து வெளியே மடங்கியது.

தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் நயினார் எட்டிப் பார்த்தான். "ஏட்டி, இது என்ன பரதநாட்டியமா?"

"சும்மா கெடங்க."

"எம்புட்டு அழகா செஞ்சிருக்க. எந்தப் பக்கம் மடங்குனா என்னட்டி?"

"தப்பான பதிலைக் குடுத்தா பிள்ளைய அனுப்பச் சொல்லுதீங்க?"

அவன் போய் டீ போட்டுக்கொண்டு வந்தான்.

டீ ஆறுவதற்குள் அவளுக்கே பிடிபட்டுவிட்டது. இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை வலப்பக்கம் வரைவதுதான் அவள் ஐ.டி.ஐ.யில் படித்த முறை. அமெரிக்கக்காரர்கள் இடப்பக்கத் தோற்றத்தை இடப்பக்கமே வரைகிறவர்கள். பழகிய கண் பழகியபடியே வாசித்ததில் கால் பக்கம் மாறிவிட்டது. குழிக்குப் படத்தில் ஒரே தோற்றம்தான் என்பதால் அது மட்டும் சரியாக வந்திருந்தது.

ஜுவைரியாவுக்குப் போன் செய்தாள் மாரிசெல்வி. "எல்லாம் வீணாப் போச்சு தாயி."

"அரே, டென்ஷன் எடுக்காதீங்கக்கா. பிளேனுக்கு ரெண்டு காலு இல்ல? நீங்க வலது காலைச் செஞ்சிட்டீங்க, அவ்வளவுதானே? குழியைத் திருப்பி வரஞ்சா?"

அசல் தாளின் ஓரத்திலேயே அது எழுதியிருந்தது: வரைந்திருப்பது இடது, வலது இதற்கு எதிர். எத்தனை முறை படித்த வரி!

"நாளைக்கு உனக்கு லீவாச்சே?"

"ஷட்டரு நம்ம கையிலதானே இருக்கு. வாங்க."

ஞாயிறு காலையில் ஜுவைரியா குழியின் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சிட்டுக் கொடுத்தாள். மெல்லிய தகடுதான், பொழுது சாயும்முன் புதுக் குழி தயாராகிவிட்டது. ஷர்மிளா ஒரு விரலால் தள்ளினாள். கால் உள்ளே மடங்கி, சக்கரம் குழிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"இங்கயாம்மா வச்சுக்கும்?"

"இங்கதான்."

"இதுக்கா இத்தனை வருஷம்?"

"நீதானட்டி கேட்ட."

மகள் மறுபடி மறுபடி மடக்கிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது, யாரோ பெற்ற பிள்ளைக்காகக் கண்ணை வருத்திக்கொண்ட ஒருத்தியை மாரிசெல்வி நினைத்துக்கொண்டாள். கடவுள் உலகத்தை நடத்துவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆட்களை வைத்துத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் அவள் கோவண்டிக்குப் போனாள். "கடையப் பாத்துக்கிடுங்கக்கா, தொழுதுட்டு வந்துருதேன்" என்று ஜுவைரியா திரைக்குப் பின்னால் போனாள். மாரிசெல்வி பையிலிருந்து ஒரு ஜோடி பித்தளைக் கீலை எடுத்தாள். மஸ்டாங்கின் காலுக்குச் செய்த அதே முறையில், அதே கம்பியில் கடைந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தபோதே அளவைக் கண்ணாலேயே எடுத்துப் போயிருந்தாள்.

கீலைப் பொருத்தி மூடியைத் தூக்கினாள். விட்ட இடத்தில் நின்றது. மெல்ல இறக்கினாள். சத்தமில்லாமல் மடங்கி உட்கார்ந்தது.

திரை அசைந்தபோது அவள் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுவிட்டு, வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.