ஒல்லாந்தர் காலத்துக் கலியாணம்

குருக்கள்மடத்தில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மங்கையற்கரசி அக்காவின் வளவு. போன வாரம் அதற்குள் ஒல்லாந்தர், அந்தக் காலத்து டச்சுக்காரர், வந்து இறங்கினார்கள். ஓட்டோவில்தான்.

கவர்னர் சுலக்ஷனா, ரவுணில் தையற்கடை வைத்திருக்கும் திருநங்கை. உரப்பையில் தைத்த நீளக் கோட்டு, தலையில் மீன் பிடிக்கிற கரப்பு. பக்கத்தில் றெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையில் செய்த முதலை ஒன்று. அது கவர்னரின் மொழிபெயர்ப்பாளராம். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து எடுக்கும் குறும்படம் அது. கமராவும் கதையும் ரதீஸ் என்ற திருகோணமலைப் பொடியனுடையது.

கதை என்னவென்று யசோதினியிடம் கேட்டேன். கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. யசோதினி, மங்கையற்கரசி அக்காவின் மூத்த மகள், முப்பத்து நாலு வயது.

"கவர்னர் மனைவிமாருக்கு வரி போடுறார் மாமி. புருசன்மார்தான் கட்டணும். ரெண்டு பொம்புளையள் கலியாணம் முடிக்காங்க. புருசன் இல்ல, வரியை ஆரு கட்டுற?"

"மறுகா?"

"கவர்னர் யோசிச்சு யோசிச்சே செத்துப் போவார்."

அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி யசோதினி, மற்றவள் மக்டலின். மக்டலின் வருடக்கணக்காகச் சனி ஞாயிறுகளில் வந்து போகிற சிநேகிதி. என்ன சிநேகிதம் என்று ஊருக்கே தெரியும். அக்கா மட்டும் வாய் திறந்ததில்லை. வாய் திறந்தது மாப்பிள்ளை பார்க்கத்தான். களுவாஞ்சிக்குடியில் ஒரு மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை முடிவு கேட்டு வருவதாக இருந்தது. "இந்தமுறை தலையாட்டு. இல்லாட்டி என்னை அம்மா எண்டு கூப்பிடாத" என்று அக்கா சொன்னது வேலியைத் தாண்டி எனக்கே கேட்டது. யசோதினிக்குச் சண்டை பிடிக்கவும் தெம்பில்லை.

படப்பிடிப்பு என்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று நான் நினைக்கவில்லை. காலையில் தொடங்கியது, வெயில் சாய்ந்தும் தாலி கட்டி முடியவில்லை. ஒருமுறை பஸ் ஹோன் அடித்தது, ஒருமுறை முதலையின் தலை கழன்றது. கவர்னர் உரப்பைக்குள் அவிந்துகொண்டிருந்தார். அக்கா எல்லாருக்கும் முதுகு காட்டி அடுப்படி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடி எடுத்தார்கள். தாலிக்கு முன் மணப்பெண்கள் தங்கள் குடியை, அதாவது குலத்தின் பெயரை, சொல்ல வேண்டும். யசோதினி சொன்னாள். மக்டலினும் அதே குடியைச் சொன்னாள்.

"நிப்பாட்டு!"

அக்கா எழுந்து வந்தார், கையில் கத்தி, முழங்கை வரை செதில். இத்தனை வருடம் அடக்கி வைத்தது இப்போது வெடிக்கப் போகிறது என்று நானும் வேலிக்குக் கிட்டப் போனேன்.

"ரெண்டு பேரும் ஒரே குடியா? கூடப்பிறந்த முறையெல்லோ வருது! எவன்டா எழுதின?"

எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. எந்தக் குடிக்கு எந்தக் குடி பொருந்தும் என்று தேற்றாத்தீவிலிருந்தும் அக்காவிடம் கேட்டு வருவார்கள். சம்பந்தம் பேச முதல் அக்காவின் வாயைத்தான் பார்ப்பார்கள்.

ரதீஸ் கையை உயர்த்தினான். "நான்தான் அம்மா. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு குடிதான்."

"நான் அடுப்படியிலதானே இரிக்கன். கேட்டா வாய் நோகுமா?"

கவர்னர் கரப்பைக் கழற்றினார். "அப்ப அம்மா, ரெண்டும் பொம்புளையள் எண்டது…"

"ஏன், எனக்குக் கண் இல்லையா? நான் கேட்டது குடியை." அக்கா மக்டலின் பக்கம் திரும்பினார். "நீ எந்தக் குடி புள்ள?"

"நாங்க வேதக்காரர் அம்மா, சேர்ச்சுக்குப் போற ஆக்கள். எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். விரல் மடித்து எண்ணினார். பிறகு ஒரு குடியின் பெயரைச் சொன்னார். "இதைச் சொல்லு. எங்கட ஆக்கள் வழிவழியாச் சம்பந்தம் வச்ச குடி. பிழை வராது."

அடுத்த தடவையில் தாலி ஏறியது. கவர்னர் செத்து விழுந்தார். களைப்பில் எழும்பவில்லை.

அக்கா கிணற்றடிக்குப் போனார். யசோதினி கூறைச் சேலையோடு பின்னால் போனாள். நான் வாழை மரத்தடிக்கு மாறினேன். அங்கிருந்துதான் கேட்கும்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழம அவங்க வாறாங்க."

"வரட்டும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"குடி பொருந்தல்ல எண்டு."

"பொருந்தும் எண்டு பாத்துச் சொன்னதே நீங்கதானேம்மா."

"பிழையாப் பாத்திட்டன் எண்டு சொல்றன். இதுவரைக்கும் பிழைச்சதில்ல, இனிப் பிழைக்கட்டும். எனக்கும் ஏலாமப் போச்சு புள்ள."

அந்தச் சொல் களுவாஞ்சிக்குடிக்குப் போய்ச் சேர்ந்தால், மங்கையற்கரசிக்கு முறை தடுமாறிவிட்டது என்று ஊரெல்லாம் பேசும். பிறகு அந்தப் படலையைத் திறந்து ஒருவரும் குடி கேட்டு வரப்போவதில்லை. அது அக்காவுக்குத் தெரியாததல்ல.

யசோதினி வாளியால் தண்ணீர் அள்ளி அம்மாவின் கைகளில் ஊற்றினாள். காய்ந்த செதில் லேசில் போகவில்லை. இன்னொரு வாளி அள்ளினாள்.