குறைந்துபோன புகை

அனல்மின் நிலையத்தில் எல்லோரும் அவளைப் புகையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புகைபோக்கியின் பாதி உயரத்தில் ஒரு கருவி இருக்கிறது. மேலே போகும் புகையில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று அது ஓயாமல் அளக்கும். லிஃப்ட் ஓடினால் அன்றைக்கு அதிசயம். படியேறிப் போய், குழாயில் அடைத்த தூசியைத் தட்டி, கருவியைச் சரிபார்த்து, அளவை எடுத்துவந்து கொடுப்பது அவள் வேலை.

கொஞ்ச மாதங்களாக, ஒரு டன் நிலக்கரிக்கு இவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்கிற அளவு இறங்கிக்கொண்டே வந்தது. மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உலைக்குக் காற்று விடும் முறையை அவர் அப்போதுதான் மாற்றியிருந்தார். எல்லாம் அதன் மகிமை என்று அவர் சொல்லச் சொல்ல, தலைமையகமும் நம்பி, நிலையத்தின் பெயரை ஒரு விருதுக்கு அனுப்பிவிட்டது.

அவளுக்குத்தான் உறுத்தியது. கரியில் உள்ள கார்பன் எரிந்தால் புகையோடு போக வேண்டும், எரியாவிட்டால் சாம்பலில் கிடக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் எங்கே போகும், கோடை விடுமுறைக்கா? சாம்பலைச் சோதித்தாள், நன்றாக எரிந்திருந்தது. கருவியைப் பிரித்துப் பார்த்தாள், அதிலும் குறையில்லை. கரியின் தரமும் மாறவில்லை. அப்படியானால், எரித்ததாகச் சொல்லும் கரியில் ஒரு பங்கு உலைக்கே வரவில்லை. நடுவில் எவனோ விழுங்குகிறான்.

கரிக்கிடங்கில் லாரிகளை எடை போடுபவன் அவள் தம்பி. மேலாளரின் கையைக் காலைப் பிடித்து அவனை அங்கே சேர்த்துவிட்டதே அவள்தான்.

"ஏண்டா, எடை போட்ட லாரி எல்லாம் உள்ளதான் போகுதா?"

முதலில் முறைத்தான். பிறகு தரையைப் பார்த்தான். "எல்லாரும் பண்றதுதான் அக்கா. மலை மாதிரி கெடக்கு. கொஞ்சம் எடுத்தா தெரியவா போகுது?"

"தெரியுதுடா. புகையில தெரியுது."

அவன் முகம் வெளிறிவிட்டது. "காட்டிக் கொடுத்துடாத அக்கா. உள்ள தள்ளிடுவாங்க."

"நிறுத்திடு. நான் வாயத் திறக்க மாட்டேன்."

சொன்னபடி நிறுத்தினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்த மாதம் அளவு பழைய இடத்துக்கே ஏறி நின்றது. விருது விழாவுக்குக் கோட்டுத் தைக்கக் கொடுத்திருந்த மேலாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? மெஷின் கெட்டுப்போச்சா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார்."

"அப்ப போன மாசம் தப்பா?"

"அதுவும் சரிதான் சார்."

"ரெண்டும் எப்படிம்மா சரியா இருக்கும்?"

தம்பிக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. அளவுத் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

விசாரணை வைத்தார்கள். தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கருவியை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது அவள் மேல் புகார். கரியைப் பற்றிக் கேட்கத் தம்பியையும் கூப்பிட்டார்கள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"கரி அதே கரிதான் சார். வரத்துலயும் ஒரு வித்தியாசமும் இல்ல. அக்காதான் கொஞ்ச நாளா மேல ஏறி மெஷினைத் தொடைக்கிறதில்ல போல. வீட்டுலயும் ஒரு மாதிரிதான் இருக்காங்க."

அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. லாரி, எடை, புகை, அவன் கெஞ்சியது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

அவரே தொடர்ந்தார்.

"உங்க மேல பழி வந்ததும் கூடப்பிறந்தவன் மேல தூக்கிப் போடுறீங்களே. நியாயமா இது?"

தம்பியின் கண் கலங்கியது. மேலாளர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, தண்ணீர் தரச் சொன்னார். அவளை உதிரிபாகக் கிடங்கில் திருகாணி எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள். கருவி அறைச் சாவியை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வெளியே தம்பி பைக்கோடு நின்றிருந்தான். "மனசுல வச்சுக்காத அக்கா. ஏறு, வீட்டுல விட்டுடறேன்."

இவனுக்காகவா வாயைக் கட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அவனைக் கடந்து நடந்தாள். அவன் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"கோவத்தை விடு. உன் எடத்துக்கு யாரு வர்றாங்க? அவருக்கும் புகையைப் பாத்தா இதெல்லாம் புரியுமா?"