செல்வினைக் கேட்கும் சோதனை

தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் ஒவ்வொருவருடைய பழைய பதிப்புகளும், அந்தந்த வயதில் இருந்த ஆளாகவே, பதிப்புக் கருவியில் பத்திரமாக இருக்கின்றன. வேண்டும்போது பழைய பதிப்புக்குப் போய், காரியத்தை முடித்துக்கொண்டு இன்றைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். பெரும்பாலும் தொலைந்த பொருளை எங்கே வைத்தோம் என்று பார்க்கத்தான் போவார்கள். திரும்பியவர் சரியான ஆள்தானா என்று விடியற்காலையில் ஒரு சோதனை தானாகவே போய்க் கேள்வி கேட்கும். சோதனை பச்சையாகத் திரும்பி வந்தால், தேறிவிட்டார் என்று ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். சிவப்பாக வந்தால் அலுவலகப் பின்னறையில் உட்கார வைத்திருப்பார்கள். சாப்பாடெல்லாம் நன்றாகவே இருக்கும்.

அந்தச் சோதனைகளில் யாராவது கை வைத்தால், மாற்றத்தை வரிவரியாகப் படித்து ஒப்புதல் தருவது ஜெசிந்தாவின் வேலை. கறாரான பெண் என்று பெயர். அந்தப் பெயரில் முக்கால்வாசி உண்மை.

அவள் கணவர் செல்வின், பைக்கின் மாற்றுச் சாவியைத் தேடி ஆறு வருடம் முந்தைய பதிப்புக்குப் போனார். சாவி கிடைத்தது. ஆனால் திரும்பியவரிடம் சோதனை ஜெசிந்தாவின் படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டால், “தெரியலியே” என்றார். தினமும் சிவப்பு. கல்யாணமாகி நான்கு வருடம்தான் ஆகிறது. உள்ளே இருப்பது தன் செல்வின்தானா, கல்யாணத்துக்கு முந்தைய செல்வினா என்று ஜெசிந்தா பயந்து செத்துக்கொண்டிருந்தாள். வீட்டார் போய்ப் பேசினால் சோதனை கெட்டுவிடும் என்பதால் பின்னறைக்குள் அவளை விடுவதில்லை. அதுவும் அவளே ஒப்புதல் தந்த விதி.

அன்று காலை அவள் மேசைக்கு வந்த மாற்றம் அந்தச் சோதனையைப் பற்றியது. எழுதியவன் பக்கத்து மேசை இசக்கிராஜா. படத்தில் இருப்பவரை மனைவி என்று சொல்கிறாரா என்ற வரியை எடுத்துவிட்டு, அவரைப் பற்றி மரியாதையாகப் பேசுகிறாரா என்று போட்டிருந்தான். மாற்றிய சோதனை பச்சையாக வந்திருந்தது.

“ஒங்களுக்காகத்தான்க்கா மாத்துனேன்” என்றான் அவன். “நீங்க அப்ரூவ் பண்ணுனா சாயங்காலமே அண்ணன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்.”

“மரியாதையா பேசுற ஆள கூட்டிட்டுப் போயி நான் என்னல செய்ய?”

“கோவப்படாதீங்க. நெறய வீட்டுல அதுவே இல்லல்லா.”

அதில் நியாயம் இல்லாமலில்லை. தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஜெசிந்தாவுக்கும் அலுத்துவிட்டது. விரல் ஒப்புதல் பொத்தான்வரைக்கும் போனது. ஆனால் ஒரு தடவை பச்சையாகிவிட்டால் அப்புறம் யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். யாரோ ஒரு நல்ல மனிதர் காலமெல்லாம் அவளை வாங்க போங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். கையை எடுத்துக்கொண்டாள்.

மாற்றத்தை ஓரமாக வைத்துவிட்டு, சோதனையை முதலிலிருந்து படித்தாள். ஆளை எழுப்பு. விளக்கைப் போடு. படத்தைக் காட்டு. அவ்வளவுதான் இருந்தது.

“ஏல, எழுப்புறதுக்கும் படத்துக்கும் நடுவுல டீ இருந்துச்சே, எங்க?”

“அத போன மாசமே எடுத்தாச்சேக்கா. ஊருக்கெல்லாம் டீ போட்டு டெஸ்ட் முடிய மத்தியானம் ஆயிருது. நீங்கதான் அப்ரூவ் பண்ணுனீங்க.”

உண்மைதான். படிக்காமல் தட்டிவிட்டிருந்தாள். ஊரில் மற்றவர்கள் டீ இல்லாமலே மனைவியை அடையாளம் காண்கிறவர்கள், அதனால் வித்தியாசம் தெரியவில்லை. செல்வின் டீ உள்ளே போகும்வரை பெற்ற தாயையே யாரென்று கேட்கிறவர்.

இசக்கிராஜாவின் மாற்றத்தை நிராகரித்து, டீயை இருந்த இடத்திலேயே சேர்த்தாள். இஞ்சி தட்டிப் போடவும் என்று ஒரு குறிப்பும் எழுதினாள். இந்த முறை இசக்கிராஜா படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தான். சோதனை டம்ளரோடு பின்னறைக்குப் போனது.

வெகுநேரம் வரவில்லை. ஜெசிந்தா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வந்தது, பச்சையாக. செல்வின் சொன்ன பதிலும் கூடவே இருந்தது.

“இது ஜெசி, எம் பொண்டாட்டில்லா. டீல சீனி பத்தலன்னு அவகிட்ட சொல்லிராதீங்க.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கால் கடுக்க நின்ற பிறகு பஸ்ஸில் இடம் கிடைத்தது மாதிரி இருந்தது.

சாயங்காலம் செல்வின் வீட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால், சாவி தேடப் போனபோது கூடவே வந்துவிட்ட ஆறு வருடம் முந்தைய செல்வினும் வந்தார். அவருக்கென்று யாரும் சோதனை எழுதவில்லை. கேள்வியே கேட்காததால் அவர் தோற்கவும் இல்லை, அனுப்பிவிட்டார்கள். ஜெசிந்தா மூன்று தட்டு வைத்தாள். இளையவர் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு அவளைத் தயங்கித் தயங்கிப் பார்த்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா?”

“ஒங்களுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு” என்றாள் ஜெசிந்தா. “பொறுங்க.”

அவர் சரியென்று மாடி அறையில் இரண்டு வருடம் இருந்தார்.