மார்த்தாள் பண்ணுதல்

எழுபத்தாறாம் வருஷத்துத் தை மாதத்திலிருந்து மாகறல் மார்த்தாளின் காலடிக்குச் சத்தம் கிடையாது. அதற்கு முன் இருந்தது. மழை பொய்த்து ஏரி வற்றிய அந்த வருஷம், சொந்த நிலமில்லாத அவள் ஏரியின் உள்வாயில், தண்ணீர் வற்றிய தரையில், ஈரம் பார்த்து நெல் விதைத்தாள். கதிர் முற்றியதும் நிலக்காரர் வேதாசலம் ஆள் விட்டு அறுத்து, தம் களத்தில் தூற்றிக் குவித்து, குவியலின்மேல் சாணிப்பால் குறி போட்டுவிட்டார். குறி போட்டவருக்கே நெல் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நெல்லைக் கேட்டு வந்து நின்றவளை, "உன் காலடிச் சத்தம்கூட இனிமே என் களத்துல கேக்கக் கூடாதுடி" என்று விரட்டினார். அன்று முதல் கேட்கவில்லை. சருகில் நடந்தாலும் சேற்றில் நடந்தாலும் ஒன்றுதான். அவள் குடியிருந்த காலனிக்காரர்களுக்கு இது சீக்கிரமே பழகிவிட்டது. "இருமிட்டு வாயேன்டி, உசுரு போவுது" என்று திட்டினார்கள். அவள் இருமவில்லை.

அந்த நெல்லுக்குக் களத்தில் காவலிருந்த பெருமாள், குவியலைச் சுற்றிக் காய்ந்த பனையோலையைப் பரப்பியிருந்தான். எலி மிதித்தாலும் ஓலை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் காவல்காரர்கள் குவியலுக்கு முதுகைக் காட்டி உட்காருவது வாடிக்கை. ஒரு நாள் உச்சி வெயிலில், மார்த்தாள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, காலனி முழுவதும் கூடையும் சாக்குமாக வந்தது. அப்படி மிதித்தவர்களுக்கும் சத்தம் இல்லை. தன் தலைப்பாகையை அவர்கள் உருவி வாயைக் கட்டியபோதுதான் பெருமாளுக்கு விஷயம் தெரிந்தது. குறியோடு நெல்லும் போயிற்று.

"ஓலை போட்டுக்கினு இன்னாடா புடுங்கினே? எப்டிடா வந்தாங்க?" என்று வேதாசலம் உதைத்தார். "மார்த்தா பண்ணிட்டாங்கய்யா" என்றான் பெருமாள். சொல் அங்கே பிறந்தது. குடிசைகளைக் கொளுத்த அடியாட்களோடு கிளம்பிய வேதாசலம், ஏரிக்கரை முடிகிற இடத்தில் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அத்தனை பேரும் கரை நெடுகக் கைகட்டப்பட்டுக் கிடந்தார்கள். சொல் அன்றே உறுதிப்பட்டது.

பிறகு அது ஊர் ஊராகப் போயிற்று. உத்திரமேரூர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் நடுவழியில் ஏறினால் "மார்த்தா பண்ட்டான்டா" என்றார்கள். மானாம்பதியில் சொல்லாமல் வந்திறங்கிய சம்பந்திக்கும் அதுவே பெயர். மாகறல்காரர்கள் மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இருட்டில் அடித்தால் அது மார்த்தாள் ஆகாது, பறிகொடுத்தவர் பட்டப்பகலில் அடிக்க வேண்டும் என்று சண்டைக்கு வந்தார்கள்.

ஏரி வற்றிய வருஷங்களில் மார்த்தாள் உள்வாயில் விதைத்தாள், அவளே அறுத்தாள். எண்பத்துநாலில் சாகும்வரை வேதாசலம், தம் சொந்த வயலுக்குப் போகும்போதும் வரப்பில் நின்று, திரும்பாமலே முதுகுப்பக்கம் பார்த்துச் சொல்வார்: "நான்தாம்மா. என் நெலத்துக்குத்தான் போய்க்கினு கீறேன்." சில நாள் அவள் அங்கே நின்றிருந்தாள். பல நாள் இல்லை. பதிலுக்குச் சற்றுக் காத்திருந்துவிட்டுத்தான் அவர் வரப்பிலிருந்து காலை இறக்குவார்.