நெல்லுக்கு அப்புறம் உளுந்து

"வூட்டுக்குள்ள நடந்தா பீரோல முட்டிக்கிறேன் ஸ்டெல்லா. இங்க நம்ம நெல்லு மேலயே நடந்துக்கறேனே."

அன்புராஜ் கேட்டபோது ஸ்டெல்லாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உறுவையாறு ரோட்டில் ஒரு பாதியை மறித்து அவர்கள் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். கல்லைப் பார்த்தால் எந்த வண்டியும் ஒதுங்கித்தான் போகும்.

மறுநாள் அவனுக்குப் பரீட்சை. சேதராப்பட்டு கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவனைப் பாதுகாப்பு உதவியாளராக நிரந்தரமாக்கும் பரீட்சை. விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதற்குள் தெரியும் குடோனில் எந்த வண்டியிலும் அடிபடாமல் நடந்து காட்ட வேண்டும். பழகிப்பார்க்க வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார்கள். பாஸானால் நைட் ஷிப்ட் கிடையாது. புருஷன் முகத்தைப் பொழுதோடு பார்க்க ஆசைப்பட்ட ஸ்டெல்லாவுக்கு, அந்தப் பரீட்சை அவனைவிட அதிகமாகவே வேண்டியிருந்தது.

லுங்கியை மடித்துக் கட்டினான். செருப்பைக் கழற்றினான். கண்ணாடியை மாட்டிக் காதையும் அடைத்துக்கொண்டான். எல்லை தாண்டினால் எச்சரிக்கும் வசதியை, வீட்டுக்குள் ஓயாமல் கத்துகிறதென்று நேற்றே அணைத்துவிட்டான்.

"பாக்க எப்டி இருக்கேன்?"

"செக்குமாட்டுக்குக் கண்ணு கட்டின மாரி."

அவனுக்குக் கேட்கவில்லை. சிரித்தபடி நடந்தான்.

ஸ்டெல்லா நெல்லைத் துழாவிக்கொண்டே ஒரு கண்ணை அவன்மேல் வைத்திருந்தாள். இல்லாத வண்டிக்கு வழிவிட்டான். இல்லாத அதிகாரிக்கு வணக்கம் வைத்தான். சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டுச் செல்வகுமாரி காலை ஊன்றி நின்றாள்.

"அண்ணனுக்கு இன்னாடி ஆச்சு? மந்திரிச்சி வுட்டுட்டியா?"

பதில் சொல்லத் திரும்பியதுதான் தப்பு. மறுபடி பார்த்தபோது அவன் கடைசிக் கல்லைத் தாண்டியிருந்தான்.

கல்லுக்கு அந்தப் பக்கம் புகழேந்தி வீட்டு உளுந்து. செடியோடு பிடுங்கி ரோட்டை அடைத்துப் பரப்பியிருந்தார்கள். நெல்லென்றால் வண்டி ஒதுங்கும், உளுந்தென்றால் ஏறும். ஏறி நசுக்கினால்தான் காய் உடைந்து மணி உதிரும். அதற்காகத்தானே ரோட்டில் போடுவதே.

வளைவில் வில்லியனூர் பஸ் திரும்பியது.

உளுந்து கிளறுகிறவன் ஆரன் கேட்டால் விலகுவான் என்பது டிரைவரின் கணக்கு. ஆரன் அடித்தார். அது ஸ்டெல்லாவுக்குத்தான் கேட்டது.

"யோவ்..."

துழாவும் கட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். நெல் காலை வாரியது. எழுந்து ஓடினாள். அவனோ பஸ்ஸுக்கு நேராக, சிலை மாதிரி நின்றுவிட்டான். பிரேக் கிறீச்சிட்டது. எட்டிய கைக்கு லுங்கிதான் சிக்கியது. இழுத்த இழுப்பில் இருவரும் ஓரத்துப் புல்லில் போய் விழுந்தார்கள். பஸ் நறநறவென்று உளுந்தை அரைத்துக்கொண்டு போய்த் தள்ளி நின்றது. டிரைவர் தலையை நீட்டித் திட்டிவிட்டுக் கிளம்பினார்.

கண்ணாடி அவன் நெற்றிக்கு ஏறியிருந்தது. உடையவில்லை.

"ஏன்டி இழுத்த? ஃபோர்க்லிஃப்ட்டு குறுக்க வந்துச்சு, டக்குனு நின்னேன். ஃபுல் மார்க்கு."

"இல்லாத வண்டிக்கு நின்ன. வந்த பஸ்ஸுக்கு யாருய்யா ஒதுங்கறது?"

அப்போதுதான் அவன் டயர்த் தடத்தைப் பார்த்தான். தான் நின்ற இடம் மாவாகக் கிடந்தது. அழுதுகொண்டிருந்தவளின் தலைமுடியில் ஒட்டிய உளுந்துத் தோலை ஒவ்வொன்றாக எடுத்தான்.

"இனிமே மாட்ட மாட்டேன்."

"மாட்டித்தான் ஆவணும். நைட் ஷிப்ட்டுக்கு உன்ன வுட மாட்டேன். மொதல்ல லுங்கியக் கட்டு, செல்வகுமாரி பாக்கறா."

வீட்டுக்குப் போய்க் கன்றுக்குட்டிக் கயிற்றைக் கொண்டுவந்தாள். ஒரு முனை அவன் இடுப்பில், மறுமுனை அவள் கையில். ஒரு சுண்டு சுண்டினால் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவன் மறுபடி நெல்லின்மேல் நடந்தான். அவள் ஒரு கையால் துழாவினாள்.

ரோட்டில் ஈ காக்கை இல்லை. கயிற்றைச் சுண்டினாள். அப்படியே நின்று, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா வருது?"

"ஒண்ணும் வர்ல. நிக்கிறியான்னு பாத்தேன். நட."