நகம் வெட்டுகிறவனின் நகம்

கத்தரியைத் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டு கானோ சந்தையைச் சுற்றி வந்து, கூப்பிடுகிறவர்களுக்கு நகம் வெட்டிவிடுகிறவன் பலராபே. அவன் நகமே சொத்தையாய்ப் போனால் எவன் கையை நீட்டுவான்? தையற்காரர் வரிசையில் இப்போது யாரைக் கேட்டாலும் நேற்றுத்தான் வெட்டினேன் என்கிறார்கள்.

நகத்தில் ஊசி குத்தினாற்போல் குழிகள், மஞ்சள் கறை. நுனி தோலை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. பூஞ்சைக்கென்று மருந்துக்கடைக்காரன் தந்ததையெல்லாம் பூசிப் பார்த்து அலுத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டரம்மா நகத்துண்டைச் சோதித்துவிட்டு, இது பூஞ்சை இல்லை, சொரியாசிஸ், யாருக்கும் ஒட்டாது என்றார். வழி மூன்று சொன்னார். களிம்பு வலிக்காது, ஆனால் புது நகம் வளர்ந்து வர மாதக்கணக்கில் ஆகும். நகத்தின் வேரில் ஊசி போட்டால் பலன் சீக்கிரம் தெரியலாம், வலி உயிர் போகும், திரும்பத் திரும்பப் போடவும் வேண்டும். வாரம் ஒரு மாத்திரை எல்லா நகத்துக்கும் சேர்த்துக் கேட்கும், ஆனால் ஈரலுக்கு ஆகாமல் போகலாம், ரத்தம் சோதித்துக்கொண்டே இருக்கணும்.

"மூணு நகந்தானே, களிம்புல தொடங்குவோம். கேக்கலேன்னா அடுத்ததப் பாப்போம்."

கேட்கலேன்னாவா? அப்படியென்றால் இந்த அம்மாவுக்கே நம்பிக்கையில்லை. நகத்தடியைச் சுரண்டுகிறாயா என்று அவர் கேட்டதும், இவருக்கு யார் போட்டுக்கொடுத்தது என்று திடுக்கிட்டு, இல்லவே இல்லையென்று சாதித்தான். அழுக்குத்தான் அடைத்திருக்கிறது என்று தினமும் கத்தரி முனையால் ரத்தம் கசியத் தோண்டுகிறவன் அவன். சுரண்டினால் நோய் இன்னும் கிளம்பும், களிம்பும் வீண் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

அதே தொழில் செய்து, பலராபேயோடு ஒரே அறையில் தங்கியிருந்த தனிமு, ஊசியே போட்டுக்கொள் என்றான். பலராபேக்குச் சுருக்கென்றது. விரல் வீங்கினால் கத்தரி பிடிக்க முடியாது, அதற்குள் தையற்காரர் வரிசை இவன் கைக்குப் போய்விடும். சந்தையில் ஒட்டுவியாதி என்று கதை கட்டினதே இவன்தானோ?

களிம்பையே பூசினான். தோண்டுவதையும் விட்டான், டாக்டரம்மாவை நம்பி அல்ல, அவர் சொன்னது பொய்யென்று காட்ட. மாதங்கள் போய், வேரோரம் கீற்றாய் நல்ல நகம் எட்டிப் பார்த்தது. அதையும் நம்பாமல் உற்று உற்றுப் பார்த்தான்.

தூக்கின நுனியை ஒட்ட வெட்டணும். வலது கையை இடது கையால் வெட்ட வரவில்லை. ஒருநாள் தையற்காரர் வரிசையிலேயே தனிமு அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"ஊருக்கெல்லாம் வெட்டுற, உனக்கு வெட்ட நாதியில்ல."

என் சொத்தையைச் சந்தையில் கடைபரப்புகிறான் என்று பலராபே கையை உருவப் பார்த்தான். தனிமு விடவில்லை.

"ஒட்டுற வியாதின்னா பக்கத்துல படுக்குற எனக்கு எப்பவோ ஒட்டியிருக்கும்டா."

எதிரே மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த ஹபு மிதியிலிருந்து காலை எடுத்தான். தனிமு வெட்டி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு எழுந்து வந்து பலராபேயின் முன்னால் குந்தி, கையை நீட்டினான்.

"வெட்டு வாத்தியாரே. போலீஸ்காரன் மாதிரி என் மூஞ்சியப் பாக்காம வெட்டு."

பலராபே அந்தக் கையை வாங்கிக் கத்தரியை எடுத்தான். ஹபுவின் விரல் கூசிப் பின்வாங்குகிறதா என்று பார்த்தான். பின்வாங்கவில்லை. சரி, இந்தத் தனிமு மட்டும் இன்னும் எதற்குப் போகாமல் நிற்கிறான்?