பூஜை மலரில் என் இரண்டு பக்கம்

கதை கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பாருங்கள். ‘ஏன்?’ என்று கேளுங்கள். வரும் பதிலையும் ‘ஏன்?’ என்று கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மனிதனும் அவன் கவலையும் கையில் இருக்கும். மிச்சம் வெறும் எழுத்து வேலை. இதைப் பல கூட்டங்களில் விளக்கியிருக்கிறேன். கேட்டவர்கள் எழுதுகிறார்கள்.

எனக்குத்தான் வரவில்லை. துர்கா பூஜை மலரில் வருடாவருடம் எனக்கென்று ஒதுக்கும் இரண்டு பக்கம், அன்று மாலைக்குள் கதை போகாவிட்டால் கிடையாது என்று ஆசிரியர் ஷ்யாமளேந்து பாபு சொல்லிவிட்டார். கல்கத்தாவில் பூஜை மலரில் பெயர் வராத எழுத்தாளன் உயிரோடு இருக்கிறானா என்று தெருவே விசாரிக்கும்.

மீன் சந்தைக்குப் போனேன். ஹாரான் கடையில், பனிக்கட்டிக்கு நடுவே ஒரு பச்சைக் கண்ணாடி வளையல்!

“ஹாரான், அது யாரோடது?”

“நிரூபம்தா, அத மட்டும் கேக்காதீங்க. நான் எழுதிட்டிருக்கேன்.” நிரூபம் நான்; ‘தா’ என்றால் வங்காளத்தில் அண்ணா.

“எதை?”

“அதைத்தான். எங்க கிளப் மலருக்கு. நீங்க மீன் வாங்குங்க.”

இந்த ஊரின் சங்கடம் இதுதான். பத்திரிகைகள் மட்டுமல்ல, தெருவுக்குத் தெரு கிளப்பும் மலர் போடும். மழை தொடங்கினால் பாதி ஊர் தன் வாழ்க்கையைத் தானே எழுத உட்கார்ந்துவிடும். வெளியாருக்குச் சரக்கு மிஞ்சாது.

டீக்கடையில், டிராம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற புலின்தா. ஒரு காலில் ஷூ, மறு காலில் ரப்பர் செருப்பு. பார்த்தேன்.

“பாக்காதடா! முதல் பாராவே இந்தச் செருப்புதான்.”

“முடிவையாவது சொல்லுங்க, புலின்தா.”

“நேத்து சலவைக்காரன்கிட்டயும் கேட்டியாமே? கதை தேடறியா, பிச்சை எடுக்கறியா?”

“அவனும் எழுதறானா?”

“அவன் நாவல்.”

வீட்டுக்கு வந்து, ஒரு நாள் அவகாசம் கேட்க ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

“உங்க பக்கமா? காலையிலயே நிரம்பிடுச்சே. சுலேகா பௌதி அனுப்பின கதை.”

பௌதி என்றால் அண்ணி; சுலேகா என் மனைவி. எதிரே தரையில் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“என்ன கதை?” என்று போனிலேயே கேட்டேன்.

“கதை தேடி ஊரெல்லாம் அலையறான் ஒருத்தன். இங்க அடுப்புல பால் பொங்கி வழியுது. பக்கத்துலயே நின்னு ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டிருக்கான். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. ஒரே குறை, அந்த ஆளு நம்பற மாதிரி இல்ல. இப்படி ஒரு மண்டு எங்கயாவது இருப்பானா? அவனக் கொஞ்சம் வெட்டிடலாமான்னு பாக்கறேன்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ஒரு வரி கூட வெட்டாதீங்க,” என்றேன். “அப்படி ஒருத்தன் இருக்கான். முழுசா வரட்டும்.”